மருந்துச் சீட்டு மட்டும் போதாது: தடைப்பட்டியல் மருந்துக்கு விலக்கு வாங்கும் வழி

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதானே, இதற்கென்ன தண்டனை வந்துவிடப் போகிறது என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஊக்கமருந்து விதியில் மருந்துச் சீட்டு ஒரு கவசமே அல்ல. வீரரின் சிறுநீரிலோ ரத்தத்திலோ தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் அதற்குப் பொறுப்பு வீரர்தான். டாக்டர் சொன்னார், பயிற்சியாளர் கொடுத்தார் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடும்போது எடுபடலாம். விதிமீறலே நடக்கவில்லை என்று காட்ட உதவாது. இந்த நோய்க்கு இந்த மருந்து தேவை என்று எழுத்தில் அனுமதி இருந்தால் மட்டும் கதை வேறு. அந்த அனுமதிக்குச் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு என்று பெயர். விளையாட்டு வட்டாரத்தில் டி.யு.இ. என்றுதான் சொல்வார்கள், இங்கும் அப்படியே சொல்வோம்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா இதற்கென்றே ஒரு சர்வதேச விதித்தொகுப்பை வைத்திருக்கிறது. விண்ணப்பத்தைப் பார்ப்பது ஒரு மருத்துவர் குழு. குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். அவர்கள் உங்களைக் கூப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள், நாடி பிடிக்க மாட்டார்கள். கோப்பில் உள்ள காகிதங்களைப் படித்து முடிவு சொல்வார்கள். நோய் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், காகிதத்தில் இல்லாத நோய் அவர்களுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டே மற்றதைப் படியுங்கள்.

முதலில், விலக்கு தேவைதானா என்று பாருங்கள்

விண்ணப்பம் எழுத உட்காரும் முன் ஐந்து கேள்விக்குப் பதில் வேண்டும். மருந்தின் பொதுப்பெயர் என்ன? எந்த வழியாக உடலுக்குள் போகிறது? எவ்வளவு? எப்போது? நீங்கள் ஆடுவது எந்த விளையாட்டு? இதில் ஒன்று மாறினாலும் பதில் தலைகீழாகும்.

அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் வணிகப் பெயரை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் பொதுப்பெயர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொள்வோம். லோசார்டன், டெல்மிசார்டன், அம்லோடிபின் மூன்றுக்கும் தடை இல்லை. ஆனால் அதே மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்றோ ‘எச்.சி.டி.’ என்றோ ஒரு வால் ஒட்டியிருந்தால், பெரும்பாலும் உள்ளே ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அது சிறுநீர் பெருக்கி. போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடம் முழுக்கத் தடை. போன மாதம் வரை வெறும் லோசார்டன் சாப்பிட்டவருக்கு, அழுத்தம் சரியாகக் குறையவில்லை என்று டாக்டர் வால் உள்ளதை மாற்றி எழுதுவார். பழைய மாத்திரைதான் என்று வீரரும் விழுங்குவார். இதே பெயரில் வேறு நாட்டில் விற்கும் மாத்திரைக்குள் வேறு பொருள் இருக்கவும் வாய்ப்புண்டு. வெளிநாட்டுப் போட்டிக்குப் போன இடத்தில் மருந்து வாங்கினால் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

வழியும் முக்கியம். ஸ்டீராய்டு என்று பொதுவாகச் சொல்லும் குளுக்கோகார்டிகாய்டுகளை மூக்கில் ஸ்பிரேயாக அடித்தாலும், இன்ஹேலரில் குறிப்பிட்ட அளவுக்குள் இழுத்தாலும், கண்ணில் காதில் சொட்டாக விட்டாலும், தோலில் களிம்பாகத் தடவினாலும் விலக்கு வேண்டியதில்லை. மாத்திரையாக விழுங்கினாலோ, ஆசனவாய் வழியாக வைத்தாலோ, எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. ஊசியில் இடுப்பில் போடுவது, மூட்டுக்குள் போடுவது என்ற வேறுபாடு 2022 ஜனவரி 1 முதல் போய்விட்டது. அதற்கு முன்பு மூட்டுக்குள் போடுவதற்குத் தடை இல்லை. அந்தப் பழைய விதியையே இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் மருத்துவர்கள் இருக்கக்கூடும்.

விளையாட்டைப் பொறுத்து மாறுவதற்கு நல்ல உதாரணம் பீட்டா பிளாக்கர். நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் புரோப்ரனலால், மெட்டோப்ரோலால் போன்றவை ஓட்டப்பந்தய வீரருக்குத் தடை இல்லை. கோல்ஃப், பில்லியர்ட்ஸ், டார்ட்ஸ் ஆடுபவருக்குப் போட்டிக் காலத்தில் தடை. வில்வித்தைக்கும் துப்பாக்கிச் சுடுதலுக்கும் போட்டி இல்லாத நாளிலும் தடை.

தடைப்பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படும். சில மாதம் முன்பே வெளியிட்டுவிடுவார்கள். வலி மாத்திரையான டிராமடால் 2023 டிசம்பர் 31 வரை பட்டியலில் இல்லை. 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் டிசம்பரில் ஒரு நாள் ஒதுக்கிப் புதிய பட்டியலோடு தங்கள் மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இங்கே தரும் அளவுகளையும் அப்படியே அந்த ஆண்டின் பட்டியலோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தடையில்லாத மாற்று மருந்து இருந்து, அது உங்களுக்கு ஒத்தும் வந்தால், விலக்குக்கு அலைய வேண்டியதே இல்லை. சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள்: நான் பரிசோதனைக்கு உட்பட்டவன், பட்டியலில் இல்லாத மருந்தாகப் பாருங்கள் என்று. இந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோகும் விண்ணப்பங்கள் எத்தனையோ.

ஸ்டீராய்டு ஊசி: நாள் எண்ணும் கணக்கு

போட்டிக் காலம் என்பது, தனி விதி இல்லாத விளையாட்டுகளில், போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11:59க்குத் தொடங்கி, போட்டியும் அதை ஒட்டிய மாதிரி சேகரிப்பும் முடியும்வரை. அந்த நேரத்தில் ஊசி போட்டீர்களா என்று பார்ப்பதில்லை; அந்த நேரத்தில் எடுத்த மாதிரியில் மருந்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே மூன்று வாரம் முன்னால் போட்ட ஊசியும் உங்களைப் பிடித்துக்கொடுக்கலாம்.

இதற்காக, மருந்து உடலை விட்டுக் கழிய எத்தனை நாள் விட வேண்டும் என்று சொல்லும் கழிவுக் கால அட்டவணை ஒன்றை வாடா வைத்திருக்கிறது. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்றவற்றை மாத்திரையாகச் சாப்பிட்டால் கடைசி மாத்திரையிலிருந்து 3 நாள். மூட்டிலோ தசைநாரைச் சுற்றியோ போடும் ஊசிக்குப் பொதுவாக 3 நாள். ஆனால் மருந்து பிரெட்னிசோலோனாகவோ டிரையாம்சினோலோனாகவோ இருந்தால் 10 நாள். தசைக்குள் போட்டால் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசோலோனுக்கு 5 நாள், பிரெட்னிசோலோனுக்கு 10 நாள், டிரையாம்சினோலோன் அசிட்டோனைடுக்கு 60 நாள். ஆமாம், அறுபது. ஒரே மருந்து முழங்காலுக்குள் போனால் பத்து நாள், இடுப்புத் தசைக்குள் போனால் இரண்டு மாதம்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 20ஆம் தேதி போட்டி. போட்டிக் காலம் 19ஆம் தேதி இரவு 11:59க்குத் தொடங்குகிறது. தோள்பட்டை மூட்டில் டிரையாம்சினோலோன் போட வேண்டுமானால் அதிலிருந்து முழுதாக 10 நாள் பின்னால் போங்கள்: 9ஆம் தேதி இரவுக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். 10ஆம் தேதி காலையில் போட்டு, 20 கழித்தல் 10 சரிதானே என்றால், கணக்கு உதைக்கும்.

நாள் கணக்கு பொருந்தினால் விலக்கு வேண்டியதில்லை. ஆனாலும் மருந்தின் பெயர், அளவு, போட்ட இடம், தேதி, நேரம் ஐந்தும் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு மருந்தைக் கழிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். கழிவுக் காலம் தாண்டியும் மாதிரியில் தென்பட்டால், போட்டிக்கு வெளியே சிகிச்சைக்காக எடுத்தது என்று காட்டிப் பின்தேதியிட்டு விலக்கு கேட்க விதியில் இடமிருக்கிறது. அப்போது கையில் இந்தத் தாள் இருக்க வேண்டும். இன்னொன்று, மூட்டு ஊசியில் ஸ்டீராய்டா, ஹயலுரானிக் அமிலமா, வெறும் மரப்பு மருந்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுந்து வராதீர்கள். ‘மூட்டுக்கு ஒரு ஊசி’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த வீரருக்கு யாராலும் உதவ முடியாது.

இன்ஹேலர்

ஆஸ்துமாக்காரர்களில் பலருக்கு விலக்கே தேவைப்படாது. சால்பியூட்டமாலை இன்ஹேலரில் இழுக்கலாம்: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, அதுவும் எந்த 8 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் 600க்கு மேல் போகாமல். சாதாரண இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் வருகிறது என்றால், எட்டு மணி நேரத்தில் ஆறு அழுத்து. சால்மெட்டராலுக்கு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம், ஃபார்மோட்டராலுக்கு 54, விலாண்டராலுக்கு 25. டெர்பியூட்டலினுக்கு இப்படிச் சலுகை அளவே கிடையாது; இன்ஹேலரில் இழுத்தாலும் விலக்கு வேண்டும்.

சிக்கல் நெபுலைசரில் தொடங்குகிறது. நெபுலைசரில் ஊற்றும் சின்னக் குப்பி ஒன்றில் 2.5 மில்லிகிராம் சால்பியூட்டமால் இருக்கும். மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றிப் பாருங்கள்: 2500. இருபத்தைந்து அழுத்துக்குச் சமம். நாளுக்கான வரம்பை ஒரே குப்பி தாண்டிவிடுகிறது. மூச்சு முட்டும்போது நெபுலைசர் வைக்கத்தான் வேண்டும். அதில் தயங்கவே கூடாது. ஆனால் வைத்த பிறகு அவசர சிகிச்சைக்கான விலக்குக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். சால்பியூட்டமால் மாத்திரையும் சிரப்பும் எப்போதும் தடை. இருமல் சிரப்புகளில் சால்பியூட்டமாலோ டெர்பியூட்டலினோ கலந்தவை உண்டு. ‘வெறும் இருமல் மருந்து’ என்று குடிப்பது ஆபத்தான பழக்கம்.

சிறுநீரில் சால்பியூட்டமால் ஒரு மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராமைத் தாண்டினால், அதை இன்ஹேலர் பயன்பாடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அனுமதித்த அளவை இழுத்துத்தான் இந்த எண் வந்தது என்று மருத்துவக் கண்காணிப்பில் சோதனை செய்து காட்டும் பொறுப்பு வீரர் தலையில் விழும். இதோடு சிறுநீர் பெருக்கி ஏதாவது சேர்ந்திருந்தால் வரம்பு என்ற பேச்சே இல்லை. சிறுநீர் பெருக்கிக்கு விலக்கு வைத்திருப்பவர், வரம்புக்குள் இழுக்கும் சால்பியூட்டமாலுக்கும் தனியாக விலக்கு வாங்கியிருக்க வேண்டும். ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

விலக்கு கேட்கும் ஆஸ்துமாக் கோப்பில் ஸ்பைரோமெட்ரி இருந்தே ஆக வேண்டும். மூச்சுக்குழாய் விரிப்பானுக்கு முன்னும் பின்னும் ஊதச் செய்து, முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடியதா என்று பார்ப்பார்கள். நன்றாகப் பயிற்சி செய்த வீரருக்கு ஓய்வில் இந்தச் சோதனை சாதாரணமாகவே வரலாம். அதற்காக ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது. ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை, மெத்தகோலின், மன்னிட்டால், வறண்ட காற்றை வேகமாக மூச்சுவிடும் சோதனை என்று மூச்சுக்குழாயைத் தூண்டிப் பார்க்கும் முறைகள் உண்டு. சோதனைக்கு முன் எந்த மருந்தை எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்பதைச் சோதனை செய்யும் இடத்தில் கேட்டு அப்படியே செய்யுங்கள். காலையில் இன்ஹேலர் இழுத்துவிட்டு வந்து ஊதினால் முடிவு அழகாக இருக்கும், விலக்கு கிடைக்காது.

ட்ரிப்ஸ்

வெயிலில் ஆடிச் சுருண்டு விழுந்தவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றுவது இயல்பாக நடப்பது. உள்ளே போவது வெறும் உப்புநீராக இருந்தாலும், நரம்பு வழியாக 12 மணி நேரத்தில் மொத்தம் 100 மில்லிலிட்டருக்கு மேல் ஏற்றுவது தடை செய்யப்பட்ட முறை; போட்டி நாள், ஓய்வு நாள் என்ற பேதம் இல்லை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் சோதனை ஆகியவற்றின்போது ஏற்றினால் விதிவிலக்கு. மைதானத்து மருத்துவக் கூடாரத்திலோ ஹோட்டல் அறையிலோ களைப்பு தீர ஏற்றிக்கொள்ளும் அரை லிட்டர் பாட்டிலுக்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது. மருத்துவமனையில் ஏற்றினாலும், பாட்டிலுக்குள் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால் அந்த மருந்துக்குத் தனியாக விலக்கு வேண்டும்.

யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது

சர்வதேச நிலை வீரர் தன் விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். தேசிய நிலை வீரர் தன் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம். யார் எந்த நிலை என்பதை அந்தந்த அமைப்பே வரையறுத்திருக்கும். ஊகிக்காமல் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைச் சேமித்து வையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்ப்போம் என்பது விதிப்படி கூடாது. அடாம்ஸ் என்ற வாடாவின் இணையக் கணக்கு உள்ளவர்கள் அதன் வழியாகவே அனுப்பலாம். இல்லாதவர்களுக்குப் படிவம் உண்டு.

எப்போதும் தடையுள்ள மருந்தானால், அவசரமில்லாத நிலையில், முதல் வேளை மருந்தை எடுக்கும் முன்பே அனுமதி கையில் இருக்க வேண்டும். போட்டிக் காலத்தில் மட்டும் தடையுள்ளதானால் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பு. குழு பொதுவாக 21 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த 21 நாள் எண்ணத் தொடங்குவது நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து அல்ல, விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து. ஒரு ஆய்வக அறிக்கை விட்டுப்போய், அதைக் கேட்டு அவர்கள் எழுதி, நீங்கள் பத்து நாள் கழித்து அனுப்பினால், கணக்கு அன்றைக்குத்தான் ஒன்றிலிருந்து ஆரம்பம். கூடுதல் சோதனை கேட்டால் செலவும் உங்களுடையதே. ஆகவே 30 நாளைக் கடைசிக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் முன்பே கோப்பைத் தயார் செய்யத் தொடங்குங்கள்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன், பதில் வரவில்லை, அதனால் மருந்தைத் தொடரலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பதில் வரும்வரை அனுமதி இல்லை என்றுதான் பொருள்.

கோப்பு

குழு நான்கு விஷயம் பார்க்கும். நோய் உறுதியாகக் கண்டறியப்பட்டு, அதற்கு இந்த மருந்து தேவையா. இந்த மருந்து வீரரை அவருடைய இயல்பான ஆரோக்கியத்துக்குக் கொண்டுவருவதோடு நிற்குமா, அதற்கும் மேலே தூக்கிவிடுமா. இந்த நோய்க்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சையா, தடையில்லாத நியாயமான மாற்று உண்டா. முன்பு விலக்கில்லாமல் தடை மருந்து எடுத்ததால் வந்த கோளாறுக்கா இப்போது மருந்து கேட்கிறார். நான்கும் தேற வேண்டும். மூன்று தேறி ஒன்று தேறாவிட்டாலும் மறுப்புதான்.

படிவத்தின் ஒரு பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், இன்னொன்றை டாக்டர். வீரர் கையெழுத்து, டாக்டர் கையெழுத்து, அவருடைய தகுதியும் தொடர்பு விவரமும், வயதுக்கு வராதவரானால் பெற்றோர் கையெழுத்து. இதில் ஒரு கையெழுத்து விட்டுப்போய்த் திரும்பி வரும் படிவங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அனுப்பும் முன் இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாசிக்க முடியாத கையெழுத்தில் இருந்தால் தட்டச்சு செய்யச் சொல்லி வாங்குங்கள். அறிக்கைகள் அமைப்பு ஏற்கும் மொழியில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கனமானது டாக்டரின் கடிதம். ‘இவர் பெருங்குடல் அழற்சிக்கு என்னிடம் சிகிச்சை பெறுகிறார். ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுகிறது. தயவுசெய்து அனுமதிக்கவும்’ என்று ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொய் ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. அதே டாக்டர் இப்படி எழுதியிருந்தால்:

‘நான்கு மாதமாக ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, நாளுக்கு ஏழெட்டு முறை. கொலனோஸ்கோபி செய்த தேதியும் திசு ஆய்வு அறிக்கையும் இணைப்பில். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உறுதி. தடையில்லாத மெசாலசைனை முழு அளவில் எட்டு வாரம் கொடுத்தும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. முன்னும் பின்னும் எடுத்த ரத்தச் சோதனைகள் இணைப்பில். ஆகவே பிரெட்னிசோலோன் வாய்வழியாக, காலையில் ஒரு வேளை, 40 மி.கி. இரண்டு வாரம், பிறகு வாரத்துக்கு 5 மி.கி. குறைத்து ஏழு வாரம். மொத்தம் 9 வாரம். திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பு விழும் என்பதால் போட்டிக்காக இடையில் நிறுத்த முடியாது.’

நோய், அதற்கான சான்று, பலன் தராமல் போன மாற்று மருந்து, அளவு, வழி, எத்தனை முறை, எத்தனை நாள், ஏன் தள்ளிப்போட முடியாது. குழு கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் பதில் கடிதத்திலேயே இருக்கிறது. டாக்டருக்கு இது தெரியாதது அல்ல. விளையாட்டு விதி எதைக் கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வாடாவின் தளத்தில் நோய்வாரியாக மருத்துவர்களுக்கான வழிகாட்டியும் சரிபார்ப்புத் தாளும் இருக்கின்றன. உங்கள் நோய்க்கானதை அச்செடுத்து டாக்டர் மேசையில் வையுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சில நோய்களில் கோப்பு சுலபம். முதல் வகை நீரிழிவுக்கு இன்சுலின் கேட்பவருக்கு மாற்று மருந்து என்ற கேள்வியே இல்லை. சர்க்கரை அளவும், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும், நிபுணர் கடிதமும், பயன்படுத்தும் இன்சுலின் வகைகள் எல்லாவற்றின் பெயரும் இருந்தால் நீண்ட காலத்துக்கே விலக்கு கிடைக்கும். மெட்ஃபார்மினுக்கு விலக்கு வேண்டியதில்லை. தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சினுக்கும் வேண்டியதில்லை.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்கு மெத்தில்ஃபெனிடேட் எடுப்பவர்களிடம் குழு இன்னும் ஆழமாகக் கேட்கும், ஏனென்றால் அது போட்டிக் காலத்தில் தடையுள்ள ஊக்கி. இந்த நோயில் அனுபவமுள்ள நிபுணரின் முழு மதிப்பீடு, மதிப்பெண் அளவுகோல்கள், 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததற்குப் பெற்றோர் அல்லது பள்ளி வழியான சான்று எல்லாம் வேண்டும். பெரியவரான பிறகு நோய் தெரிந்தவர்களுக்கு இந்தக் கடைசிச் சான்றுதான் கிடைக்காமல் இழுக்கும். பழைய மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய குறிப்புகூட உதவும். இதே கோளாறுக்குக் கொடுக்கும் அட்டோமாக்சடின் பட்டியலில் இல்லை. அதைக் கொடுத்துப் பார்த்து ஒத்துவராமல் போயிருந்தால் அதையும் எழுதுங்கள்.

குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சையில் இருக்கும் வீராங்கனைகள் கவனிக்க வேண்டியது: கருமுட்டை வெளிவரக் கொடுக்கும் குளோமிஃபீனும் லெட்ரோசோலும் எப்போதும் தடை. ஹெச்.சி.ஜி. ஊசி ஆண்களுக்கு மட்டுமே தடை. முகப்பருவுக்கும் நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் சிறுநீர் பெருக்கி. அதுவும் எப்போதும் தடை. தோல் மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் ‘நான் வீராங்கனை’ என்று சொல்லத் தோன்றாததுதான் இங்கே பெரும்பாலும் வரும் வினை.

டெஸ்டோஸ்டிரோன் கேட்பவர்களுக்கு வாசல் குறுகல். விரை நீக்கம், க்ளைன்ஃபெல்டர் நோய்க்குறி, பிட்யூட்டரி கட்டி போன்று உறுப்புக் கோளாறு இருக்க வேண்டும். வயது, பருமன், மன அழுத்தம், அளவுமீறிய பயிற்சி ஆகியவற்றால் அளவு குறைந்தது என்றால் கிடைக்காது. ஒரே ஒரு ரத்தச் சோதனையும் போதாது. காலையில் எடுத்தது ஒன்றுக்கு மேல் வேண்டும், விரைகளை இயக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். அளவுகளோடு. உடற்பயிற்சிக் கூடத்துச் சத்துப்பொடியை மருத்துவர் கடிதத்தோடு அனுப்பி விலக்கு கேட்பதும் வீண்.

பின்தேதி விலக்கு

தேனீ கொட்டி உடல் வீங்கியவருக்கு அட்ரினலின் ஊசி போட்டுவிட்டுத்தான் மற்றது பேச முடியும். விபத்தில் அறுவை சிகிச்சைக்குப் போனவர் மயக்கத்தில் ஃபென்டனில் என்ற வலுவான வலிநீக்கியை மறுக்க முடியாது. இப்படிப்பட்ட அவசரத்துக்கு, மருந்து எடுத்த பிறகு விண்ணப்பிக்க விதியில் இடமிருக்கிறது. முன்கூட்டிக் கேட்க நேரமோ வாய்ப்போ இல்லாத விசேஷ நிலை, சில விளையாட்டுகளுக்கு முன்கூட்டி விண்ணப்பம் வாங்குவதில்லை என்று தேசிய அமைப்பே வைத்திருக்கும் நிலை, தேசிய நிலைக்குக் கீழே ஆடுபவரைப் பரிசோதித்தது ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

ஆனால் பின்தேதி என்பது நேரத்தில் கிடைக்கும் சலுகை மட்டுமே. அந்த நான்கு நிபந்தனையும் அப்படியேதான் இருக்கும். மாவட்ட அளவில் ஆடுபவர், என்னை முன்கூட்டிக் கேட்கச் சொல்லவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பரிசோதனை வந்த பிறகு நோய்க்குச் சான்று தேடி அலைந்தால் தோற்பது அங்கேதான். விண்ணப்பிக்கத் தேவையில்லாதவரும் கோப்பை மட்டும் தயாராக வைத்திருப்பது புத்திசாலித்தனம். அவசரச் சிகிச்சை எடுத்தவர் மருத்துவமனையை விட்டு வெளியே வரும்போதே சேர்த்த நேரம், அப்போதைய நாடி, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, கொடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, நேரம், மயக்கவியல் தாள், டிஸ்சார்ஜ் குறிப்பு எல்லாவற்றையும் பிரதியெடுத்து வாங்கிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் டிஸ்சார்ஜ் குறிப்பு ஒன்றுதான் கிடைக்கும். அதில் ‘உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது’ என்றிருக்கும்.

கையில் கிடைத்த பிறகு

அனுமதிக் கடிதத்தில் மருந்து, அளவு, வழி, எத்தனை முறை, எந்தத் தேதி வரை என்று இருக்கும். அனுமதி அதற்கு மட்டும்தான். டாக்டர் அளவைக் கூட்டினாலோ, அதே குடும்பத்து வேறு மருந்துக்கு மாற்றினாலோ, மாத்திரையை ஊசியாக்கினாலோ அனுமதி கொடுத்த அமைப்புக்கு உடனே எழுதிப் புது அனுமதி தேவையா என்று கேளுங்கள். மாதிரியில் வந்த அளவு அனுமதித்த அளவோடு ஒத்துப்போகாவிட்டால் விலக்கு காப்பாற்றாது. முடிவுத் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு கைபேசியில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். விலக்கு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது.

மாதிரி கொடுக்கும் நாளில் படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, சத்து மாத்திரை எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். விலக்குள்ள மருந்தையும் எழுதுங்கள், விலக்குக் கடிதத்தின் படத்தைக் கைபேசியில் வைத்திருங்கள்.

தேசிய அமைப்பு கொடுத்த விலக்கு தேசிய நிலையில் செல்லுபடியாகும். சர்வதேச நிலைக்கு உயரும்போது கூட்டமைப்பு அதை ஏற்க வேண்டும். சில கூட்டமைப்புகள் சில மருந்துகளுக்குத் தானாகவே ஏற்றுக்கொள்ளும். மற்றவற்றுக்கு முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டும். பெரிய பன்னாட்டுப் போட்டிகளை நடத்துபவர்கள் தங்களிடம் தனியாக ஏற்பு வாங்கச் சொல்லலாம். விமானச் சீட்டு போடும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

இத்தனை அந்தரங்கத் தாள்களும் எங்கே போகின்றன என்ற கவலை நியாயமானது. 2016இல் ஃபேன்சி பேர்ஸ் என்ற பெயரில் இயங்கிய கும்பல் அடாம்ஸ் கணக்குகளுக்குள் புகுந்து புகழ்பெற்ற வீரர்களின் விலக்கு விவரங்களைத் திருடி இணையத்தில் கொட்டியது. பெயர் வந்தவர்கள் விதியை மீறியவர்கள் அல்ல, அனுமதி வாங்கி மருந்து எடுத்தவர்கள். என்றாலும் ஏச்சு வாங்கினார்கள். குழுவில் இருப்பவர்கள் ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, கடவுச்சொல்லைப் பயிற்சியாளரிடமோ அணி மேலாளரிடமோ கொடுக்காமல் இருப்பது. கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருப்பது.

மறுத்துவிட்டால்

மறுப்பு காரணத்தோடு எழுத்தில் வரும். முதலில் அதை டாக்டரோடு உட்கார்ந்து படியுங்கள். சான்று போதவில்லை என்பது காரணமானால், மேல்முறையீட்டைவிட விட்டுப்போன சோதனையைச் செய்து புதிதாக விண்ணப்பிப்பதே விரைவான வழி. நோயையோ மருந்தையோ ஏற்கவே மறுத்தால் மேல்முறையீடு உண்டு: தேசிய அமைப்பு மறுத்ததற்குத் தேசிய மேல்முறையீட்டுக் குழு, சர்வதேசக் கூட்டமைப்பு மறுத்ததற்கு விளையாட்டு நடுவர் நீதிமன்றம். தேசிய அமைப்பு கொடுத்த விலக்கைக் கூட்டமைப்பு ஏற்க மறுத்தால், 21 நாளுக்குள் வாடாவின் பரிசீலனைக்கு அனுப்பலாம். அந்தப் பரிசீலனை முடியும்வரை பழைய விலக்கு தேசியப் போட்டிக்கும் போட்டிக்கு வெளியேயான பரிசோதனைக்கும் செல்லும், சர்வதேசப் போட்டிக்குச் செல்லாது. 21 நாளைத் தவறவிட்டால், அந்த விலக்கு தேசியப் போட்டிக்காவது தொடர்ந்து செல்லுமா என்பதைத் தேசிய அமைப்பே முடிவு செய்யும்.